உயில் இல்லை என்றால் காகிதக் கட்டைக் கேளுங்கள்: அமெரிக்க கவுண்ட்டி ப்ரொபேட் ஆவணங்கள்

கேள்வி: என் கணவரின் முன்னோர் ஒருவர் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் விவசாயியாக இருந்தவர். 1851 கடைசியில் இறந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர் இருந்த கவுண்ட்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) கோர்ட்டுக்கு எழுதிக் கேட்டோம். "அந்தப் பெயரில் உயில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவருடைய மனைவி யார், பிள்ளைகள் யார் யார் என்று தெரிய வேண்டும். இனி வேறு வழி உண்டா?

பதில்:

உண்டு. நீங்கள் உயிலைக் கேட்டீர்கள், அவர்கள் உயில் இன்டெக்ஸைப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். பொய் சொல்லவில்லை. ஆனால் உயில் இல்லாமல் இறந்தவருக்கும் கோர்ட்டில் சொத்து விவகாரத் தாள்களின் கட்டு இருக்கும். இறந்தவரின் உயிலையும் சொத்தையும் கோர்ட் தீர்த்துவைக்கும் நடைமுறைக்குத்தான் ப்ரொபேட் என்று பெயர். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அதுதான் பல சமயம் கூடுதல் லாபம். உயில் எழுதுகிறவர் தனக்குத் தோன்றியதை எழுதுவார். மூத்த மகனுக்கு முன்பே நிலம் எழுதிக் கொடுத்திருந்தால் அவன் பெயரையே விட்டுவிடுவார்; மனைவியை "என் அன்பு மனைவி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். உயில் இல்லையென்றால் சட்டம்தான் பங்கு பிரிக்க வேண்டும். அதற்கு வாரிசுகள் அத்தனை பேரும் காகிதத்தில் வந்தாக வேண்டும். நம்மூரில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போல ஒற்றைத் தாள் அங்கே கிடையாது. அந்த விவரம் பத்து இருபது தாள்களில் சிதறிக் கிடக்கும்.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஓஹையோவில் அரசு இறப்புப் பதிவு 1867இல்தான் தொடங்கியது. 1851இல் இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் கிடையாது. 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் இருந்த எல்லோருடைய பெயரும் இருக்கும், ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்று இருக்காது. உறவுமுறை கேட்கும் பத்தி 1880 கணக்கெடுப்பில்தான் வந்தது. ஆக, அந்த வீட்டில் இருந்த ஒன்பது வயதுப் பெண் மகளா, தம்பி மகளா, வேலைக்கு வந்த பிள்ளையா என்று சொல்லக்கூடிய ஆவணம் ப்ரொபேட் கட்டுதான்.

முதலில் எந்தக் கோர்ட் என்று பார்ப்போம். ஓஹையோவில் தனி ப்ரொபேட் கோர்ட் என்பதே 1851 அரசியல் சட்டத்தால் வந்தது. 1852இல் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன் உயிலும் வாரிசு விவகாரமும் காமன் ப்ளீஸ் என்ற பொது வழக்குக் கோர்ட்டில் நடந்தன. உங்கள் ஆள் இறந்தது சரியாக அந்தச் சந்தியில். நிர்வாகி (இறந்தவரின் கடனையும் சொத்தையும் தீர்க்கக் கோர்ட் போடும் ஆள்) நியமனம் காமன் ப்ளீஸ் நடவடிக்கைக் குறிப்புப் புத்தகத்திலும், கடைசிக் கணக்கு ப்ரொபேட் கோர்ட் புத்தகத்திலும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே குடும்பம், இரண்டு கோர்ட், இரண்டு இன்டெக்ஸ். "உயில் இல்லை" என்று எழுதிய கிளார்க் இரண்டையும் பார்த்திருப்பார் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது கவுண்ட்டி. கவுண்ட்டி எல்லைகள் ஓயாமல் மாறியவை. ஓஹையோவின் 88 கவுண்ட்டிகளில் கடைசியாக உருவான நோபிள் கவுண்ட்டி பிறந்ததே 1851இல். மன்ரோ, வாஷிங்டன், மோர்கன், கெர்ன்சி கவுண்ட்டிகளிலிருந்து துண்டு எடுத்து அதை அமைத்தார்கள். 1850இல் அந்த மண்ணில் இறந்தவருடைய கட்டு பழைய தாய்க் கவுண்ட்டியில்தான் இருக்கும். புதுக் கவுண்ட்டி பிறந்ததும் பழைய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். சிகாகோவின் நியூபெர்ரி நூலகம் தயாரித்த கவுண்ட்டி எல்லை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசம். தேதியைக் கொடுத்தால் அந்த நாளில் எல்லை எங்கே இருந்தது என்று காட்டும். குடும்பத்தார் சொல்லும் ஊர் இன்று எந்தக் கவுண்ட்டியில் இருக்கிறது என்பதைவிட, அவர் இறந்த மாதத்தில் எதில் இருந்தது என்பதுதான் கணக்கு.

வேறு மாநிலத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோர்ட்டின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் சரோகேட் கோர்ட். பென்சில்வேனியாவில் உயில் 'ரிஜிஸ்டர் ஆஃப் வில்ஸ்' அலுவலகத்தில், மைனர் விவகாரமும் பங்கீடும் 'ஆர்ஃபன்ஸ் கோர்ட்'டில். டெக்சாஸில் கவுண்ட்டி கிளார்க். வட கரோலினாவில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க். லூசியானாவில் கவுண்ட்டியே இல்லை, 'பாரிஷ்'. வழக்கின் பெயரும் ப்ரொபேட் அல்ல, 'சக்ஸெஷன்'. கனெக்டிகட்டில் கவுண்ட்டிக் கணக்கே கிடையாது, ப்ரொபேட் மாவட்டம். ரோட் ஐலண்டில் ஊர்வாரியாக நகர அலுவலகத்தில். கோர்ட் பெயர் தவறினால் ஆவணக் கேட்லாகில் எதுவும் கிடைக்காது.

இனி, கட்டில் என்ன இருக்கும்?

ஒரு கட்டு பொதுவாக இப்படி வளரும். ஒருவர் இறந்ததும் விதவையோ மகனோ கடன்காரரோ நிர்வாகியாக விண்ணப்பிப்பார். கோர்ட் ஜாமீன் பத்திரம் கேட்கும். தொகை பெரும்பாலும் அசையும் சொத்தின் உத்தேச மதிப்பைப்போல் இரண்டு மடங்கு. 2,000 டாலர் பத்திரம் என்றால் ஆள் ஏறக்குறைய 1,000 டாலர் அசையும் சொத்து வைத்திருந்தார் என்று படியுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்ட இருவரைக் குறித்துக்கொள்ளுங்கள். பண நஷ்டத்துக்குப் பொறுப்பேற்கச் சொந்தக்காரன்தான் முன்வருவான், பல சமயம் விதவையின் அண்ணனோ அப்பாவோ. மனைவியின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் தெரியாதபோது முதலில் இந்த இரண்டு பெயரைத்தான் துருவ வேண்டும்.

பிறகு பங்கு பாத்தியதை இல்லாத மூன்று அண்டை வீட்டுக்காரர்கள் வந்து சொத்துப் பட்டியல் போடுவார்கள். அறை அறையாக, தொழுவம் தொழுவமாகப் போய் எழுதியிருப்பார்கள்: கலப்பை ஒன்று, கறவை மாடு இரண்டு, தேனீப் பெட்டி நான்கு, நூற்கும் சக்கரம் ஒன்று. ஒவ்வொன்றின் எதிரிலும் டாலரும் சென்ட்டும். பட்டியலோடு விதவைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஓராண்டுச் சாப்பாட்டுக்கென ஒதுக்கியது தனித் தாளில் வரும். கோதுமை இத்தனை புஷல், பன்றி இறைச்சி இத்தனை பவுண்டு, மீதி ரொக்கம். அந்தத் தாள் இருந்தால் மனைவி அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தார் என்பது உறுதி. அதன் அளவே வீட்டில் எத்தனை வாய் என்று மறைமுகமாகச் சொல்லும்.

அதற்கடுத்தது ஏலப் பட்டியல். எனக்குக் கட்டில் மிகவும் பிடித்த தாள் இதுதான். பொருள், வாங்கியவர், விலை என்று மூன்று பத்தி. வாங்கியவர் பத்தியில் விதவையின் பெயர் அடிக்கடி வரும். தன் பானையையும் படுக்கையையும் தானே ஏலத்தில் எடுத்திருப்பார். அதே குடும்பப்பெயர் கொண்ட இளைஞர்கள் யார், மாப்பிள்ளைமார் யார் என்பதும் இங்கேதான் பிடிபடும். குடும்ப பைபிளை ஐம்பது சென்ட்டுக்கு எடுத்த ஆள் அந்நியனாக இருப்பது அரிது.

இங்கே பெரிய தவறு ஒன்று நடக்கும். சொத்துப் பட்டியலில் நிலம் இல்லாததைப் பார்த்து, "பாவம், ஏழை, நிலமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நிலம் பெரும்பாலும் நிர்வாகி கைக்கு வருவதே இல்லை. இறந்த நிமிடமே வாரிசுகளுக்குப் போய்விடும் என்பதுதான் பொதுவான சட்டம். விதவைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் அனுபவ உரிமை. அசையும் சொத்தை விற்றும் கடன் அடையவில்லை என்றால் மட்டுமே நிலத்தை விற்க நிர்வாகி கோர்ட்டில் அனுமதி கேட்பார். அப்படி ஒரு மனு இருந்தால் வேறு எதையும் விட அதை முதலில் எடுங்கள். விதவை, பிள்ளைகள் எல்லோர் பெயரும், கட்டிக்கொடுத்த பெண்களின் கணவர் பெயரும், மைனர்கள் யார் என்பதும், அயோவாவுக்கோ இந்தியானாவுக்கோ குடியேறிப் போனவர் எங்கே இருக்கிறார் என்பதும் அதில் வரிசையாக இருக்கும். அவர்கள் எல்லோரும் அந்த மனுவில் எதிர்மனுதாரர்கள். வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடந்திருந்தால் அது ப்ரொபேட் பக்கமே வராது, காமன் ப்ளீஸில் இருக்கும். சுமுகமாகப் பிரித்திருந்தால் கிரயப் பத்திரப் புத்தகத்தில், பல பேர் சேர்ந்து ஒருவருக்கு எழுதிக் கொடுத்த பத்திரமாகக் கிடைக்கும்.

மைனர் பிள்ளைகள் இருந்தால் கார்டியன் ஆவணம் தனி. அதன் தலைப்பில் 'ஆர்ஃபன்' என்று இருப்பதைப் பார்த்து அம்மாவும் செத்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். அப்பா இறந்த மைனர் என்பதே அதன் பொருள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா உயிரோடு இருந்தும் வேறொருவர் கார்டியன் ஆனதற்குக் காரணம், பிள்ளைகளின் சொத்தைக் கவனிக்க ஆண் ஒருவரைப் போடும் வழக்கம். அந்தக் காலத்தில் ஓஹையோவில் பையனுக்கு 14, பெண்ணுக்கு 12 வயது நிரம்பினால் கார்டியனைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடிந்தது. ஒரு பிள்ளை "தேர்ந்தெடுத்தான்" என்றும் அடுத்ததற்குக் கோர்ட் "நியமித்தது" என்றும் இருந்தால் இருவர் வயதும் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இன்டெக்ஸில் இவை கார்டியன் பெயரில் இருக்கலாம், அப்பா பெயரில் இருக்கலாம், மூத்த பிள்ளை பெயரிலும் இருக்கலாம். மூன்றையும் பாருங்கள்.

வார்த்தைகள் ஏமாற்றும். 'ரெலிக்ட்' என்றால் விதவை. 'இன்ஃபண்ட்' என்றால் கைக்குழந்தை அல்ல, மைனர். இருபது வயது வாலிபனும் இன்ஃபண்ட்தான். 'சீனியர்', 'ஜூனியர்' அப்பா மகனாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர் சீனியர், அவ்வளவுதான். 'என் இப்போதைய மனைவி' என்று ஒருவர் எழுதியதை வைத்து முதல் மனைவி ஒருத்தி இருந்தாள் என்று முடிவு கட்டாதீர்கள். இப்போது இருக்கும் மனைவிக்குத்தான், பின்னால் வரக்கூடியவளுக்கு அல்ல என்று சொல்லும் வக்கீல் பாஷை அது. தேதியில் 'இன்ஸ்ட்' என்று வந்தால் இதே மாதம், 'அல்ட்' என்று வந்தால் போன மாதம். பிரமாணத் தாளின் தலைப்பில் நிற்கும் 'எஸ்எஸ்' யாருடைய இனிஷியலும் அல்ல, 'அதாவது' என்று பொருள்படும் லத்தீன் சுருக்கம். அதை ஆளின் பெயரோடு சேர்த்து நகலெடுத்து வைத்திருக்கிறவர்கள் உண்டு.

தேதிகள் மூன்று: உயில் எழுதியது, கோர்ட்டில் நிரூபித்தது, புத்தகத்தில் பதிந்தது. இறப்பு முதல் இரண்டுக்கும் இடையில். உயில் இல்லாத கட்டில் முதல் விண்ணப்பத் தேதிக்கு முன்னால் என்பது மட்டுமே உறுதி. சரியான இறந்த நாள் வேண்டுமென்றால் டாக்டர் பில்லையும் சவப்பெட்டி செய்த தச்சர் பில்லையும் பாருங்கள். நிர்வாகி பணம் கொடுத்ததற்கான ரசீதாக அவை கட்டிலேயே இருக்கும்.

எங்கே தேடுவது? குடும்ப வரலாற்று ஆவணங்களைப் படமாக வைத்திருக்கும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். பெயர் போட்டுத் தேடும் பெட்டியில் எதுவும் வரவில்லை என்றால் அங்கே நிறுத்தக் கூடாது. அவர்களிடம் உள்ள படங்களில் பெயர்வாரி இன்டெக்ஸ் ஆனவை ஒரு பகுதிதான். கேட்லாகில் மாநிலம், கவுண்ட்டி என்று இறங்கி 'ப்ரொபேட்', 'கோர்ட்', 'கார்டியன்ஷிப்', 'நிலம்' நான்கு தலைப்பையும் திறங்கள். கேமரா குறி இருந்தால் படம் உண்டு. குறியின் மேல் சாவி இருந்தால் அவர்களுடைய மையத்திலோ இணைந்த நூலகத்திலோ உட்கார்ந்துதான் பார்க்க முடியும்.

படத்தொகுப்பில் பக்கத்தைப் பிடிக்கக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு படத்தில் இரண்டு பக்கம் விழும். 312ஆம் பக்கம் வேண்டும், முன்னால் இன்டெக்ஸ் 20 படம் என்றால், 156உம் 20உம் சேர்த்து 176ஆம் படத்துக்கு நேரே தாவுங்கள். இரண்டு மூன்று தள்ளி நிற்பீர்கள், அவ்வளவுதான். ஒரே மைக்ரோஃபிலிம் சுருளில் மூன்று புத்தகங்கள் அடுத்தடுத்து இருந்தால் மூன்று 312ஆம் பக்கம் இருக்கும். புத்தகம் தொடங்கும் தலைப்புத் தாளைப் பார்க்காமல் பக்க எண்ணை நம்பக் கூடாது.

பழைய இன்டெக்ஸ் புத்தகங்கள் அகர வரிசையில் இருக்கும் என்று எதிர்பார்த்தும் சிலர் ஏமாறுவார்கள். பென்சில்வேனியாவில் நிறையவும் வேறு மாநிலங்களில் அங்கங்கேயும் 'ரஸ்ஸல் இன்டெக்ஸ்' என்ற முறை வரும். அதில் சாவி எழுத்துகள் ஐந்து: எல், எம், என், ஆர், டி (T). குடும்பப்பெயரின் முதல் எழுத்தை விட்டுவிட்டு, அடுத்து வரும் எழுத்துகளில் இந்த ஐந்தில் எது முதலில் வருகிறது என்று பாருங்கள். சாமுவேல் ஹார்ப்பர் என்றால் எச்-ஐ விட்டு, ஏ-யைத் தாண்டி, ஆர். முன்பக்க அட்டவணையில் ஆர் பத்திக்கு நேரே, சாமுவேலின் எஸ் வரிசையில் ஒரு பிரிவு எண் இருக்கும். அந்தப் பிரிவில் அவர் இருப்பார். ஷா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஐந்தில் எதுவுமே இல்லை. அது 'மிஸ்' (மற்றவை) என்ற பத்திக்குப் போகும். இது தெரியாதவர் ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு ஆள் இல்லை என்பார்.

2024இல் ஃபேமிலிசர்ச் கையெழுத்தைக் கணினியே படித்துத் தேடும் முழு உரைத் தேடலைத் திறந்தது. அமெரிக்க நில, ப்ரொபேட் ஆவணங்களில்தான் முதலில் தொடங்கினார்கள். உங்களுக்கு இது பெரிய வரம். இறந்தவர் பெயரில் மட்டுமல்ல, ஏலத்தில் வாங்கியவராக, ஜாமீன்தாரராக, மருமகனாக யாருடைய கட்டிலோ ஒளிந்திருக்கும் பெயரும் மாட்டும். ஆனால் அது எழுத்துப்படியே தேடும். எஸ்-ஐ எல் என்றும் யு-வை என் என்றும் கணினி படித்திருக்கும்; அந்தத் தவறான வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். பொதுவான பெயர் என்றால் மனைவி பெயரையோ பக்கத்துத் தோட்டக்காரர் பெயரையோ சேர்த்து, கவுண்ட்டியையும் ஆண்டையும் வடிகட்டுங்கள். ஆன்செஸ்ட்ரி தளத்தின் ப்ரொபேட் தொகுப்பும் பெரிது, ஆனால் கட்டணம். சில கவுண்ட்டிகளுக்கு அங்கே இருப்பது கிளார்க் நகலெழுதிய புத்தகம் மட்டுமே, தளர்தாள் கட்டு அல்ல. புத்தகம் கிளார்க்கின் கையெழுத்து, கட்டில் இருப்பது ஆளின் சொந்தக் கையெழுத்து அல்லது கைநாட்டு. ரசீதுகளும் பில்களும் புத்தகத்தில் ஏறுவது அரிது.

இணையத்தில் கட்டு இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள், இந்த முறை வேறு மாதிரி. "இவரைப் பற்றி ஏதாவது" என்று கேட்டால் ஏதாவதுதான் வரும். இறந்தவர் பெயர், எழுத்து வேறுபாடுகள், 1851 முதல் 1875 வரை என்ற கால எல்லை, காமன் ப்ளீஸ், ப்ரொபேட் இரண்டின் எஸ்டேட் (இறந்தவர் சொத்து) இன்டெக்ஸும் கார்டியன் இன்டெக்ஸும், கிடைத்தால் வழக்கு எண்ணில் உள்ள முழுக் கட்டின் நகல், பின்பக்கங்கள் உட்பட என்று எழுதுங்கள். கால எல்லையைச் சுருக்காதீர்கள். கடைசிப் பிள்ளை மேஜராகும் வரை கணக்கு இழுக்கலாம். இருபது ஆண்டு கழித்து விதவை இறந்து நிலம் பிரிந்தபோதும் தாள் சேரும். பக்கக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். பழைய கட்டுகள் கோர்ட்டிலேயே இல்லாமலும் இருக்கலாம். ஓஹையோவில் பல கவுண்ட்டிகளின் பழைய ஆவணங்கள் பல்கலைக்கழகக் காப்பகங்களுக்குப் போயிருக்கின்றன. டேட்டன் பக்கத்து ஆவணங்கள் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருப்பது போல.

எரிந்துபோன கோர்ட்டுகளும் உண்டு. சின்சினாட்டியில் 1884 கலவரத்தில் ஹாமில்டன் கவுண்ட்டி கோர்ட் எரிந்தது. சிகாகோவில் 1871 தீ. எரிந்தது என்று கேள்விப்பட்டதும் கைகழுவ வேண்டாம். எந்த அறை எரிந்தது, எந்த ஆண்டுப் புத்தகம் தப்பியது என்று கேளுங்கள். கடன்காரர்களுக்கு நிர்வாகி கொடுத்த பத்திரிகை அறிவிப்பு, தீக்குப் பிறகு மறுபடி பதிந்த பத்திரங்கள், பக்கத்துக் கவுண்ட்டியில் அவருக்கு நிலம் இருந்ததால் அங்கே தாக்கலான நகல் ஆகியவை நெருப்புக்கு வெளியே இருந்தவை.

தென் மாநிலங்களில் தேடுகிறவர்களுக்கு இதே கட்டுக்கு வேறொரு கனம் உண்டு. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் உரிமையாளர் பெயர் இருக்கும், அடிமைப்பட்டவருக்கு வயது, பால், நிறம் மட்டும், பெயர் கிடையாது. 1870க்கு முன் அவர்களைப் பெயரோடு காட்டும் ஆவணங்களில் முக்கியமானது உரிமையாளருடைய சொத்துப் பட்டியல்: கலப்பைக்கும் கழுதைக்கும் நடுவே ஒரு பெயர், ஒரு வயது, ஒரு விலை. தாயும் பிள்ளையும் ஒரே வரியில் சேர்ந்தும் வரும். கறுப்பின அமெரிக்கர் ஒருவரின் முன்னோரைத் தேடினால் அவருடைய குடும்பப்பெயரில் அல்ல, உரிமையாளர் குடும்பத்தின் எல்லாக் கட்டுகளிலும், உரிமையாளருடைய விதவை, மருமகன்கள் கட்டு உட்படத் தேட வேண்டும். பங்கீட்டுத் தாளில்தான் யார் யாரிடம் போனார்கள் என்று இருக்கும்.

நேற்று முன்தினம் இறந்தவருடைய வழக்கைத் தேடுகிறவர்களும் இங்கே வருவதால்: பேசர் என்ற தளத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது மத்திய கோர்ட்டுகளுக்கானது; ப்ரொபேட் மாநில விஷயம். கவுண்ட்டி கோர்ட்டின் சொந்தத் தளத்தில் பாருங்கள். உயிரோடு இருக்கும்போதே அமைக்கும் லிவிங் டிரஸ்டில் போட்ட சொத்தும், கூட்டுப் பெயரிலோ நாமினி பெயரிலோ உள்ள கணக்கும் கோர்ட்டுக்கு வராமலே கைமாறும், வழக்கே இல்லாதிருக்கலாம். தமிழ்நாட்டில் உள்ள சொத்துக்காக அந்த உயில் வேண்டுமென்றால் சாதா நகல் உதவாது. கோர்ட் முத்திரையிட்ட சான்று நகல் வாங்கி, அந்த மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக ஆவணத்தை உறுதிசெய்யும் சான்று) போட வேண்டும். வெளிநாட்டில் நிரூபித்த உயிலின் சான்று நகலை வைத்து இங்கே நிர்வாக உரிமை கேட்க இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன் 228ஆம் பிரிவு இருக்கிறது; மேற்கொண்டு வக்கீலிடம் கேளுங்கள்.

கட்டு கைக்கு வந்ததும் தாள்களின் வரிசையைக் கலைக்காமல் படம் எடுத்து, வழக்கு எண், புத்தகம், பக்கம், படம் எண் நான்கையும் அப்போதே எழுதிவிடுங்கள். அந்தக் காலத்தில் தாளை மூன்றாக மடித்து வெளிப்பக்கத்தில் தலைப்பும் தாக்கல் தேதியும் எழுதி வைத்தார்கள். ஃபிலிமில் அது தனிப் படமாக, வெற்றுத்தாள் போலத் தெரியும்; ஓரத்தில் மட்டும் நான்கு வரி இருக்கும். தேதி போடாத ரசீதுக்கும் பட்டியலுக்கும் அந்த நான்கு வரிதான் தேதி.